வேலியோரம் மேயும் ஆடு

 

பெருமானார் (ஸல்) அவர்கள் ஹலாலையும் ஹராமையும் விளக்க வந்தபோது, ஓர் இடையனை உவமையாக எடுத்துக் காட்டினார்கள். அரசனுடைய காவல் நிலம் ஒன்று இருக்கிறது. இடையன் தன் ஆடுகளை அந்தக் காவல் நிலத்தின் ஓரமாகவே மேய்க்கிறான். ஆடு இன்னும் உள்ளே போகவில்லை. குற்றம் இன்னும் நடக்கவில்லை. ஆயினும் ஓரத்திலேயே மேய்கிற ஆடு எந்த நேரமும் உள்ளே வாய் வைத்துவிடலாம் என்று எச்சரித்தார்கள். நுஃமானிப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது.

அந்த உவமை மார்க்கத்தின் வரம்புகளைப் பற்றியது. என்றாலும், நம் தேகத்துக்கும் அப்படி ஒரு காவல் எல்லை உண்டு. அந்த எல்லையோரத்தில் நம்மில் ஏராளமானோர் இன்று மேய்ந்துகொண்டிருக்கின்றார்கள். அந்த ஓரத்துக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் நீரிழிவுக்கு முந்திய நிலை. இரத்தத்தில் சர்க்கரை இருக்க வேண்டிய அளவைத் தாண்டிவிட்டது. சர்க்கரை வியாதி என்று சொல்லும் அளவை இன்னும் எட்டவில்லை. உள்ளே விழுந்துவிடவும் இல்லை. பத்திரமான இடத்தில் இருக்கவும் இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2023ஆம் ஆண்டு வெளியாயிற்று. இந்தியாவில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். அந்த ஓரத்தில் நிற்பவர்களோ சுமார் 13 கோடியே 60 லட்சம் பேர்! வியாதியஸ்தர்களை விட வியாதியின் வாசலில் நிற்பவர்களே அதிகம். நம் மஹல்லாவும் நம் வீடும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை என்பதை மறந்துவிடலாகாது.

மருத்துவத்தின் மூன்று தூண்கள்

ஹிஜ்ரி 751இல் மறைந்த இமாம் இப்னுல் கைய்யிம் (ரஹ்) அவர்கள் நபி மருத்துவத்தைப் பற்றி எழுதும்போது ஓர் அரிய விளக்கம் தருகின்றார்கள். மருத்துவத்தின் அடிப்படைகள் மூன்று: இருக்கும் ஆரோக்கியத்தைப் பாதுகாப்பது; தீங்கு தருவதிலிருந்து விலகிப் பத்தியம் காப்பது; உள்ளே சேர்ந்துவிட்ட கெடுதியை வெளியேற்றுவது. இம்மூன்றையும் அருள்மறையிலிருந்தே எடுத்துக் காட்டுகின்றார்கள். நோயாளிக்கும் பிரயாணிக்கும் நோன்பை விடச் சலுகை அளித்த அல்பகரா 184ஆம் வசனம் முதலாவதற்கு. தண்ணீர் தீங்கு தரும் நோயாளிக்குத் தயம்மும் அனுமதித்த அந்நிஸா 43ஆம் வசனம் இரண்டாவதற்கு. இஹ்ராமில் இருப்பவர் தலையில் நோவினை இருந்தால் முடியைக் களையலாம் என்ற அல்பகரா 196ஆம் வசனம் மூன்றாவதற்கு.

சகோதரர்களே, சற்றுக் கவனியுங்கள்! மூன்றில் இரண்டு நோய் முற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை. நாமோ முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதற்கு மட்டுமே மருத்துவமனை வாசலில் போய் நிற்கிறோம்.

பத்தியம் என்பது ஈமான் குறைந்தவர்களின் வேலை என்று எண்ணுவோரும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு ஒரு சம்பவம். அன்ஸாரிப் பெண்மணியான உம்முல் முன்திர் (ரலி) அவர்களின் வீட்டுக்கு நபி (ஸல்) அவர்கள் வந்தார்கள். உடன் அலீ (ரலி) அவர்களும் இருந்தார்கள். அலீ (ரலி) அவர்கள் அப்போதுதான் நோயிலிருந்து தேறியிருந்த நேரம். வீட்டில் பேரீச்சங் குலைகள் தொங்கிக் கொண்டிருந்தன. அலீ (ரலி) அவர்கள் அதில் கை வைத்தபோது, நீர் இப்போதுதான் நோயிலிருந்து எழுந்தவர் என்று நினைவூட்டி நபியவர்கள் தடுத்துவிட்டார்கள். பிறகு அந்தப் பெண்மணி வாற்கோதுமையும் கீரையும் சேர்த்துச் சமைத்துக் கொண்டுவந்தபோது, இதைச் சாப்பிடும், இது உமக்கு ஏற்றது என்ற கருத்தில் அருளினார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இந்தச் செய்தி உண்டு.

பேரீச்சம்பழம் ஹலால், பரக்கத்தானது. அதை ஒருவருக்கு, ஒரு நேரத்தில், அவருடைய உடல்நிலையைப் பார்த்து வேண்டாம் என்றவர்கள் யார்? அந்தப் பழத்தின் சிறப்பை நமக்குக் கற்றுத்தந்த அதே பெருமானார் (ஸல்) அவர்கள்தாம்! ஆகவே, இனிப்பு ஸுன்னத்து அல்லவா என்று கேட்டு மூன்றாவது கிண்ணம் வட்டலப்பத்தைக் கையில் எடுக்கும் சகோதரர், இந்த ஸுன்னத்தையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது?

நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் இனிப்பும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. கணையம் என்னும் உறுப்பு இன்சுலின் என்ற நீரைச் சுரக்கிறது. அந்த இன்சுலின்தான் சர்க்கரையைத் தசைகளுக்குள் சேர்க்கும் சாவி. வயிற்றிலும் ஈரலிலும் கொழுப்பு சேர்ந்து, உடலும் அசையாமல் கிடந்தால் பூட்டு துருப்பிடித்தது போல் ஆகிவிடுகிறது. ஒரு சாவி போதாமல் கணையம் இரண்டு, மூன்று என்று அனுப்புகிறது. இப்படிப் பல ஆண்டுகள் உழைத்துக் களைத்தபின் அதனால் ஈடுகொடுக்க முடிவதில்லை. அப்போது சர்க்கரை இரத்தத்திலேயே தேங்குகிறது.

இந்தக் காலம் முழுவதும் பெரும்பாலானோருக்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை, அடையாளமே இல்லை. சிலருக்கு மட்டும் பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்துப் பட்டுத்துணி போல் ஆகிறது. அழுக்கு என்று நினைத்துத் தாய்மார்கள் பிள்ளைகளின் கழுத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறார்கள். அது பெரும்பாலும் அழுக்கல்ல. உள்ளே இன்சுலின் திணறுவதற்கான அடையாளம்.

அடையாளம் இல்லாத ஒன்றை அறிய ஒரே வழி சோதித்துப் பார்ப்பதுதான். இரவு உண்டபின் எட்டு மணி நேரம் ஒன்றும் உண்ணாதிருந்து காலையில் இரத்தம் எடுத்தால், 100 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது நல்ல நிலை. 100 முதல் 125 வரை வேலியோரம். (உலக சுகாதார நிறுவனம் இதை 110இலிருந்து கணக்கிடுகிறது.) 126ம் அதற்கு மேலும் சர்க்கரை வியாதி. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையில் 140 முதல் 199 வரை ஓரம்; 200 ஆனால் வியாதி. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் 5.7 முதல் 6.4 சதவிகிதம் வரை ஓரம், 6.5 ஆனால் வியாதி. இரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்தக் கடைசிச் சோதனை சில வேளை தவறாகக் காட்டும் என்பதால், மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். எந்தச் சோதனையும் ஒரு முறை கூடுதலாகக் காட்டினால் மறுமுறை பார்த்து உறுதி செய்துகொள்வது முறை.

யார் முந்திக்கொள்ள வேண்டும்?

சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிலையம் ஒன்று 2005ஆம் ஆண்டில் நம் மக்களுக்கென்றே ஓர் எளிய கணக்கை வகுத்துத் தந்தது. ஊசியே வேண்டாம், ஓர் அளவு நாடா போதும்.

வயது 35க்குக் கீழே என்றால் ஒன்றுமில்லை. 35 முதல் 49 வரை என்றால் 20. 50ம் அதற்கு மேலும் என்றால் 30. இடுப்பின் சுற்றளவு ஆண்களுக்கு 90 முதல் 99 சென்டிமீட்டர் வரை என்றால் 10, 100ஐ எட்டினால் 20. பெண்களுக்கு 80 முதல் 89 வரை என்றால் 10, 90ஐ எட்டினால் 20. தாய் தந்தையரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் 10. இருவருக்கும் இருந்தால் 20. உடலுழைப்பும் தேகப் பயிற்சியும் அறவே இல்லையென்றால் 30. ஓரளவு இருந்தால் அதைவிடக் குறைவு. எல்லாவற்றையும் கூட்டுங்கள். 60ஐத் தொட்டுவிட்டால் தாமதிக்காமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

கடையில் உட்கார்ந்தே வியாபாரம் செய்யும் 45 வயதுச் சகோதரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இடுப்பு 95, தாயாருக்குச் சர்க்கரை, நடை கிடையாது. 20, 10, 10, 30. கூட்டினால் 70! அவர் தம்மை ஆரோக்கியசாலி என்றே எண்ணிக் கொண்டிருப்பார்.

கர்ப்பகாலத்தில் சர்க்கரை கண்ட சகோதரிகளை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். குழந்தை பிறந்ததும் சர்க்கரை இறங்கிவிட்டது என்று வீட்டார் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால், பிற்காலத்தில் வியாதி வரும் வாய்ப்பு அவர்களுக்கு மற்றவர்களை விட மிக அதிகம். நாற்பது முடிந்து தலைக்குக் குளிப்பாட்டும் வேளையில் அவர்களுக்கு ஒரு சோதனையும் செய்துவிட வேண்டும். பின்னரும் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒரு முறை பார்த்து வர வேண்டும். வீட்டுப் பெண்கள் தங்களுக்காக வாய் திறந்து கேட்கமாட்டார்கள். கேட்காமலே அழைத்துப் போவது கணவன்மார்கள் மீதும் மக்கள் மீதும் உள்ள பொறுப்பு.

சோதனையில் சரியாக இருந்தால் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையும், ஓரத்தில் இருந்தால் ஆண்டுக்கு ஒரு முறையும் பார்ப்பது போதுமானது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது வயதைக் கடந்தவர்களுக்கு இந்தச் சோதனை செய்யப்படுகிறது. பணமில்லை என்ற காரணம் இதில் செல்லாது.

தவக்குல் என்பது எது?

சோதித்தால்தானே வியாதி, சும்மா இருந்தால் அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்கின்றனர் சிலர். இது தவக்குல் அல்ல. பயத்துக்குத் தவக்குல் என்று பெயர் சூட்டுவது!

ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியிருக்கிறது என்று கேள்விப்பட்டு ஹள்ரத் உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பால் செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் செழிப்பு, மறுபக்கம் வறட்சி. ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது விதியின்படியே அல்லவா என்றும் கேட்டார்கள். புகாரியில் இந்த நிகழ்ச்சி விரிவாக வருகிறது.

மருத்துவம் செய்யலாமா என்று கிராமத்து அரபிகள் கேட்டபோது, செய்யுங்கள் என்றே நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள்; முதுமையைத் தவிர எல்லாப் பிணிக்கும் அல்லாஹ் மருந்து வைத்திருப்பதாகவும் அறிவித்தார்கள். இரத்தச் சோதனை செய்வது பர்ளு என்று நான் சொல்ல வரவில்லை. மருத்துவம் செய்வது ஸுன்னத்து என்பது நம் இமாம்களில் நவவீ (ரஹ்) அவர்களைப் போன்றோரின் விளக்கம். ஆனால், உடலுக்கு உன் மீது உரிமை உண்டு என்ற கருத்தில் அப்துல்லாஹிப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்ன பேச்சு நம் செவிகளில் ஒலிக்க வேண்டும். உரிமையைப் பறித்தவனிடம் கேள்வி உண்டு அன்றோ?

இதில் வேறொரு நஷ்டமும் இருக்கிறது. ரமளான் பிறை தெரிந்ததும் வீடே மகிழ்ந்திருக்க, சர்க்கரை முற்றி, இன்சுலின் ஊசியில் வாழும் பெரியவர் ஒருவர் மூலையில் உட்கார்ந்து கண்ணீர் வடிப்பதை எத்தனையோ வீடுகளில் காணலாம். அவருக்கு நோன்பில்லை, பித்யா கொடுக்கிறார். கால் மரத்துப்போய், விரலிடுக்கில் புண் வந்ததே தெரியாமல், பின்னர் விரலை இழந்து நாற்காலியில் தொழுகிறார். மார்க்கம் அவருக்குச் சலுகை தந்திருக்கிறது. அவர் மீது குற்றமில்லை. ஆனாலும், முப்பத்தைந்து வயதில் வேலியோரத்தில் யாராவது அவரை நிறுத்தியிருந்தால், இன்னும் பல ரமளான்கள் அவர் நோற்றிருக்கக் கூடுமல்லவா? ஆரோக்கியமும் ஓய்வும் மக்களில் பெரும்பாலோர் ஏமாந்துபோகும் இரு நிஃமத்துகள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக வரும் புகாரியின் ஹதீது இதைத்தானே உணர்த்துகிறது!

திரும்பி வர வழி உண்டு

அல்ஹம்து லில்லாஹ்! ஓரத்தில் நிற்பவர்கள் எல்லோரும் உள்ளே விழுந்தே தீர வேண்டும் என்பதில்லை. டாக்டர் ஏ. இராமச்சந்திரன் அவர்களும் அவருடைய குழுவினரும் இந்த நிலையிலிருந்த 531 இந்தியர்களை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி வந்துவிட்டது. தினமும் நடந்து, உணவைத் திருத்திக்கொண்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கே வந்தது. அவர்களுடைய எடை பெரிதாகக் குறையாமலேயே இந்தப் பலன் கிடைத்தது. அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடத்தி 2002இல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு 150 நிமிடம் நடந்து, எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு குறைக்க முயன்றவர்களிடம் வியாதி 58 சதவிகிதம் குறைந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களிடம் 31 சதவிகிதம்தான் குறைந்தது. மாத்திரை சிலருக்குத் தேவைப்படும். அதை மருத்துவர் முடிவு செய்வார். ஆனால், நடையும் கட்டுப்பாடும் மாத்திரைக்குக் குறைந்தவை அல்ல.

பனூ ஸலிமா கூட்டத்தார் மஸ்ஜிதுந் நபவிக்குத் தொலைவில் குடியிருந்தார்கள். பள்ளிக்குப் பக்கத்தில் குடிவர நாடியபோது, அங்கேயே இருங்கள், உங்கள் காலடிகள் எழுதப்படுகின்றன என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அருளினார்கள். இன்று அடுத்த தெருவிலுள்ள பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் வருகிறோம். ஐந்து வேளையும் போக வர நடந்தாலே அரை மணி நேரம் பலருக்குச் சேர்ந்துவிடும். நன்மையும் எழுதப்படும், சர்க்கரையும் இறங்கும். பெண்கள் சுபுஹுக்குப் பின் மொட்டை மாடியிலோ முற்றத்திலோ நடக்கலாம். உண்டவுடன் சாய்ந்துவிடாமல் பத்து நிமிடம் நடப்பது அந்த வேளைச் சர்க்கரையைத் தணிக்கும்.

வயிற்றுக்கு ஒரு வரம்பு

முதுகை நிமிர்த்தி வைக்கச் சில கவளங்களே போதும். அதிகம் வேண்டுமானால் வயிற்றில் மூன்றிலொரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்பது மிக்தாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியின் சாரம். திர்மிதியில் காணலாம். அல்அஃராஃப் 31ஆம் வசனத்தில் உண்ணவும் பருகவும் அனுமதித்த அல்லாஹ், விரயத்தை அதே மூச்சில் தடுத்திருக்கிறான்.

நம் வீடுகளில் நடப்பதென்ன? வலிமா விருந்தின் சஹனில் பக்கத்தில் இருப்பவர் அன்பு என்று இறைச்சியையும் சோற்றையும் தள்ளித் தள்ளி வைக்கிறார். வேண்டாம் என்றால் கோபம்! நோன்பு திறக்கும் வேளையில் கஞ்சியோடு வடை, சமோசா, சர்பத்து. தராவீஹுக்குப் பின் மீண்டும் பரோட்டா. பகலெல்லாம் நப்ஸை அடக்கிவிட்டு, இரவில் அதற்கே விருந்து வைக்கிறோம். மூன்று பேரீச்சம்பழம், தண்ணீர், அளவான கஞ்சி. தொழுதபின் காய்கறியோடு ஓர் உணவு. நோன்பு இதைவிட அதிகமாக எதைக் கேட்கிறது?

தேநீரைக் கணக்கிட்டுப் பாருங்கள். நாளைக்கு ஐந்து குவளை, குவளைக்கு இரண்டு கரண்டி. பத்துக் கரண்டி என்றால் சுமார் 40 கிராம். மாதத்துக்கு ஒருவருக்கு ஒன்றேகால் கிலோ சர்க்கரை! நாளைக்கு 25 கிராமுக்குள் நிற்பது நலம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்துக்கொண்டே வந்தால் ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். நாட்டுச் சர்க்கரையும் தேனும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுபவையே. தேனில் ஷிஃபா உண்டு என்பது நம் ஈமான். ஆயினும், மருந்தை மருந்தின் அளவில்தான் உட்கொள்ள வேண்டும்.

சோற்றுத் தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ இறைச்சியோ, மீதிக் கால் பங்கு சோறு என்று பரிமாறுங்கள், தாய்மார்களே! அகப்பை உங்கள் கையில்தான் இருக்கிறது. இஷாவுக்குப் பின் வீண்பேச்சை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள். தூக்கம் குறைந்தவர்களுக்குச் சர்க்கரை வியாதி வரும் வாய்ப்புக் கூடுகிறது என்று மருத்துவமும் சொல்கிறது. புகைப்பதும் அந்த வாய்ப்பைக் கூட்டும்.

சில ஐயங்கள்

நோன்பு வைத்துக்கொண்டு சோதனைக்கு இரத்தம் கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். விரலில் குத்திப் பார்ப்பதாலோ, நரம்பில் இரத்தம் எடுப்பதாலோ ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபிலும் நோன்பு முறியாது. குளுக்கோஸ் குடிக்கும் சோதனையை மட்டும் ரமளானுக்கு வெளியே வைத்துக்கொள்ள வேண்டும். இரத்தம் எடுப்பதால் ஷாஃபிஈ மத்ஹபில் வுளூவும் முறியாது. ஹனஃபீ மத்ஹபில் ஓடும் அளவுக்கு வெளிப்பட்டால் வுளூ முறியும், மீண்டும் செய்துகொள்ள வேண்டும்.

பெண் பார்க்க வருபவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்று மகளின் சோதனையை மறைக்கும் பெற்றோரும் உண்டு. வேலியோரத்தில் இருப்பது வியாதியுமல்ல, இழிவுமல்ல. மறைத்து வைத்தால் ஓரம் உள்ளாகிவிடும். அறிந்து நடந்தால் திரும்பி வர வழி இருக்கிறது.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு ஜும்ஆவில், தொழுகைக்குப் பின் பள்ளி வளாகத்திலும், பெண்களுக்கு மதரஸாக் கட்டிடத்திலும் சுகாதார நிலையத்தாரை அழைத்து இந்தச் சோதனையை நடத்துங்கள். கந்தூரிச் சோற்றுக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கும் இதற்கு ஆகாது.

இடையன் விழித்திருந்தால் ஆடு காவல் நிலத்துக்குள் போகாது. நம் தேகம் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். இந்த மாதம் முடிவதற்குள் குடும்பத்தில் முப்பதைக் கடந்த ஒவ்வொருவரின் இடுப்பையும் அளந்து, கணக்கைக் கூட்டி, வேண்டியவர்களைச் சோதனைக்கு அழைத்துச் செல்வோம் என்று இன்றே நிய்யத் வைப்போமாக!

வல்ல நாயன் அல்லாஹு தஆலா நமக்கும் நம் மக்களுக்கும் இபாதத்துக்குத் துணை நிற்கும் உடல் நலத்தைத் தந்தருள்வானாக! நோயுற்றோருக்கு ஷிஃபாவையும், உண்பதில் வரம்பு காக்கும் தௌஃபீக்கையும் வழங்குவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.